காக்கியைக் கண்டதும் பிரேக் பிடிக்காதீர்கள்

கேள்வி இது: "மதுரையிலிருந்து வேலைக்காகச் சென்னை வந்து நான்கு மாதம் ஆகிறது. பைக்கில்தான் ஆபீஸ் போகிறேன். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனாலும் தூரத்தில் டிராஃபிக் போலீஸ் நிற்பதைப் பார்த்தாலே கை தானாகப் பிரேக்குக்குப் போகிறது. சில சமயம் அப்படியே திரும்பி வேறு சந்தில் புகுந்து போய்விடுகிறேன். அப்படிச் செய்யலாமா? அவர்கள் யாரை நிறுத்துவார்கள்? நிறுத்தினால் என்ன செய்ய வேண்டும்? இன்னொன்று, யாருமே நிறுத்தாமல் என் ஃபோனுக்கு இரண்டு சலான் வந்திருக்கிறது. அது எப்படி?"

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் முதல் கேள்வியில் பாதி தேவையில்லாமல் போய்விடும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் பதினெட்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். 'எல்' போர்டு மாட்டிய வண்டியில் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்திருப்பவன். என் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ரோட்டில் மற்றவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று வேடிக்கை பார்ப்பதுதான் கிட்டத்தட்ட என் தொழில். அதனால் நான் சொல்வதில் சட்டம் கொஞ்சம், பார்த்தது நிறைய இருக்கும்.

சென்னையில் நம்பர் பிளேட்டைத் தானே படிக்கிற கேமராக்கள் 2019-இல் அண்ணா நகர்ப் பக்கச் சந்திப்புகளில் வந்தன. சிவப்பு எரியும்போது கோட்டைத் தாண்டுகிற வண்டியை அது படம் எடுக்கும், எண்ணைப் படிக்கும், பதிவேட்டில் அந்த எண் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய ஃபோனுக்குச் செய்தி போய்விடும். கேமரா இல்லாத இடத்திலும் ஓரமாக நிற்கிற காவலர் உங்களைக் கைகாட்டி நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. வண்டியைப் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்தால் போதும். அவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நம்மைக் கவனிக்கவில்லை என்று நீங்கள் நிம்மதியாகக் கடந்து போயிருப்பீர்கள். சாயங்காலம் எஸ்.எம்.எஸ். வரும்.

இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தியபோது மின்னணுக் கண்காணிப்புக்கென்று 136ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அது எப்படி நடக்க வேண்டும் என்ற விதி 2021-இல் வந்தது. கேமரா இருக்கிறது என்று போர்டு வைக்க வேண்டும், படத்தில் இடமும் தேதியும் நேரமும் இருக்க வேண்டும், தவறு நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது.

ஆக, காக்கி எங்கே நிற்கிறது என்று தூரத்திலேயே மோப்பம் பிடிக்கிற திறமை நம் ஊரில் ஒரு தலைமுறையாக வளர்த்து வைத்திருந்தோமே, அதன் மதிப்பு இப்போது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. போலீஸ் நிற்கும் இடத்தில் ஒழுங்காகவும் நிற்காத இடத்தில் இஷ்டப்படியும் ஓட்டுகிறவருக்குத்தான் இன்று சலான் அதிகம் விழுகிறது. உங்கள் இரண்டு சலானும் பெரும்பாலும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது பிரேக் விஷயம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மேம்பாலம் இறங்கும் இடம், வளைவு முடியும் இடம், சர்வீஸ் ரோடு வந்து சேரும் இடம். தணிக்கைக்கு இப்படிப்பட்ட இடங்களாகத்தான் பார்த்து நிற்பார்கள். அங்கே வண்டிகள் தானாகவே வேகம் குறைந்து வரும், ஓரங்கட்டவும் இடம் இருக்கும். நிமிடத்துக்கு நூறு வண்டி அவர்களைத் தாண்டிப் போகிறது. நூறையும் நிறுத்த முடியாது. யாரை நிறுத்துவது? ஹெல்மெட் இல்லாதது, மூன்று பேர் உட்கார்ந்தது, நம்பர் பிளேட் வளைந்தது எல்லாம் கண்ணுக்கு உடனே தெரியும். அது போக மீதி இருப்பதில் அவர்கள் கண் எதைத் தேடும் என்றால், ஓட்டத்தில் திடீரென்று வருகிற மாற்றத்தை. வரிசையாக வந்துகொண்டிருக்கும் வண்டிகளில் ஒன்று மட்டும் முன்சக்கரம் அமுங்கப் பிரேக் பிடிக்கிறது. இன்னொன்று வலது லேனிலிருந்து இடதுக்கு, இடதிலிருந்து வலதுக்கு ஆடுகிறது. ஒருவர் முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்த ஹெல்மெட்டை ஒற்றைக் கையால் தலையில் கவிழ்க்கப் பார்க்கிறார். இன்னொருவர் இருபதடி முன்னால் நின்று செயின் கழன்றுவிட்டதுபோலக் குனிந்து பார்க்கிறார். ஸ்கூட்டரில் ஏது செயின் கழல்வது என்று காவலருக்குத் தெரியாதா? இப்படி நடிப்பவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். கையில் எல்லாப் பேப்பரும் இருந்தும், இல்லாதவர் மாதிரி நடந்துகொள்கிறீர்கள். அப்புறம் உங்களை ஏன் நிறுத்தமாட்டார்கள்?

நிறுத்துவதுகூடப் பெரிய விஷயம் இல்லை. பின்னால் வருகிறவர் என்ன ஆவார் என்று யோசித்துப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஓடும். நம் ஊரில் முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் நடுவே 14 மீட்டர் விட்டு யார் ஓட்டுகிறார்கள்? ஐந்து மீட்டர் இருந்தாலே அதில் ஓர் ஆட்டோ நுழைந்துவிடும். ஒருநாள் காலை என் மாணவி ஒருவர் நூறடி ரோட்டில் மூன்றாவது கியரில் அழகாக ஓட்டிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு ஸ்கூட்டர். மரத்தடியில் வெள்ளைச் சட்டையும் காக்கி பேன்ட்டும் தெரிந்ததும் ஸ்கூட்டர்காரர் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நின்றுவிட்டார். அந்தப் பெண்ணின் கால் இன்னும் ஆக்ஸிலரேட்டரில் இருந்தது. என் பக்கத்துப் பிரேக்கை நான் மிதித்ததால் ஒரு ஜாண் இடைவெளியில் நின்றோம். ஸ்கூட்டர்காரருக்கு எந்தக் குறையும் இல்லை, ஹெல்மெட் போட்டிருந்தார். மரத்தடியில் நின்றவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சொன்னால் சிரிப்பீர்கள், அவசியம் இல்லாமல் திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது என்று 1989-ஆம் வருடத்துச் சாலை விதிகளிலேயே இருந்தது. போலீசுக்குப் பயந்து பிடிக்கிற பிரேக்கே ஒரு விதிமீறல்தான்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. போலீசைத் தாண்டிய உடனே, விட்ட நேரத்தைப் பிடிக்கிற மாதிரி எல்லோரும் முறுக்குவார்கள். தாண்டி இருநூறு மீட்டரில் பாருங்கள், அந்தச் சாலையிலேயே வேகம் அதிகமான இடம் அதுவாகத்தான் இருக்கும். ஈ.சி.ஆரில் இது தினமும் நடக்கும் கூத்து. வேகம் பார்க்கிற கருவியோடு ஒரு வண்டி நிற்கும். அதுவரை பெருமாள் கோயில் ஊர்வலம் மாதிரி வருவார்கள், தாண்டியதும் பறப்பார்கள். சில நாள் அடுத்த வளைவில் இன்னொரு வண்டி நிற்கும்.

சரி, திரும்பி வேறு சந்தில் போகலாமா? யு டர்ன் அனுமதி உள்ள இடத்தில், இன்டிகேட்டர் போட்டு, எதிர் வண்டிக்கு வழிவிட்டு நீங்கள் திரும்பினால் அது உங்கள் இஷ்டம். யாரும் கேட்க முடியாது. ஆனால் பயத்தில் திரும்புகிறவர் யாரும் அப்படித் திரும்புவதில்லை. மீடியன் இடைவெளியைத் தேடி ராங் சைடில் நூறு மீட்டர் வருவார், அல்லது நோ என்ட்ரியில் நுழைவார். எந்தத் தவறும் செய்யாத ஆள் இப்படித் தப்பிக்கப் போய் ஒரு தவறைச் செய்துவிட்டு மாட்டுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பேரிகேட் வைத்து நிற்கும் பெரிய தணிக்கைகளில் முன்கூட்டியே திரும்புகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே கொஞ்சம் தள்ளி ஒருவர் பைக்கில் நிற்பார். கைகாட்டியும் நிறுத்தாமல் போவது எல்லாவற்றிலும் மோசம். லைசென்ஸ் காட்டிவிட்டு அரை நிமிடத்தில் கிளம்ப வேண்டிய விஷயம், அதற்குப் பிறகு துரத்தலும் வழக்குமாக மாறிவிடும். துரத்தலில் கீழே விழுந்து அடிபட்டவர்கள் உண்டு.

அப்படியானால் போலீசைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்ய வேண்டாம். வந்த வேகத்திலேயே வாருங்கள். அந்த வேகத்தில் அவர் முன்னால் வர உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், அவர் இல்லாதபோதும் அது அதிகமான வேகம்தான். கண்ணாடியில் பின்னால் ஒருமுறை பாருங்கள். கை காட்டினால் இடது இன்டிகேட்டர், மெதுவாக ஓரம், ஸ்டாண்ட். காட்டாவிட்டால் போய்க்கொண்டே இருங்கள்.

நிறுத்திய பிறகு என்ன என்பதில்தான் இணையத்தில் ஏகப்பட்ட வீரவசனங்கள் சுற்றுகின்றன. 'எந்த செக்‌ஷன்ல நிறுத்தினீங்க?' என்று ஆரம்பிக்கச் சொல்லித் தருகிறார்கள். வேண்டாம். வெயிலில் எட்டு மணி நேரம் நிற்கிற மனிதர். இன்ஜினை அணைத்து, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, "சொல்லுங்க சார்" என்றாலே போதும். கார் என்றால் கண்ணாடியை இறக்கி, இரவில் உள் லைட்டைப் போட்டுவிடுங்கள். கை இரண்டும் ஸ்டீயரிங்கில் தெரியட்டும்.

சீருடையில் இருக்கும் எந்தக் காவலர் கேட்டாலும் லைசென்ஸைக் காட்டியே ஆக வேண்டும். 130-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஒரிஜினலை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் கவலையில்லை. 2018-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ஆவணங்களை மின்னணு வடிவில் காட்டினாலும் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். டிஜிலாக்கர், எம்பரிவாகன் இரண்டு செயலியில் ஏதாவது ஒன்றில் ஏற்றி வைத்திருந்தால் போதும். கவனியுங்கள், செயலிக்குள் இருக்க வேண்டும். கேலரியில் போட்டோ எடுத்து வைத்திருப்பது இதில் சேராது. அதை ஏற்றுக்கொள்வது அந்தக் காவலரின் நல்ல மனசு, உங்கள் உரிமை இல்லை. இன்னொன்று, சிக்னல் கிடைக்காத இடத்தில் செயலி சுற்றிக்கொண்டே நிற்கும். நெடுந்தூரம் போகும்போது நான் இப்போதும் லைசென்ஸ் கார்டைப் பர்ஸில் வைத்துக்கொள்கிறேன். பழைய ஆள்.

சாவியைப் பிடுங்குவார்களா என்று பலர் கேட்பார்கள். சிலர் செய்கிறார்கள். சாவியை எடுக்கலாம் என்று சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. ஆனால் அதை நடுரோட்டில் நிரூபிக்கப் பார்க்காதீர்கள். "சார், நான் எங்கும் போகமாட்டேன், சாவியைக் கொடுங்கள், சலான் போடுங்கள்" என்று தணிந்த குரலில் சொன்னால் பெரும்பாலும் வேலை நடக்கும். நடக்காவிட்டால் இடம், நேரம், சட்டையில் இருக்கும் பெயர் மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு பிறகு மேலதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அதே நேரம், லைசென்ஸே இல்லாமலோ பதிவு இல்லாமலோ ஓட்டினால் வண்டியையே நிறுத்திவைக்க 207-ஆவது பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. அங்கே சாவியைப் பற்றிப் பேசி லாபம் இல்லை.

பணத்தைப் பற்றி. சென்னையில் 2018-லிருந்தே ரொக்கம் வாங்குவதை நிறுத்தி, கார்டு, ஆன்லைன் என்று மாற்றிவிட்டார்கள். ஆகவே யாராவது ரொக்கமாக, சலான் இல்லாமல், 'பாதி கொடுத்துட்டுப் போ' என்றால் அது அபராதம் இல்லை, அதன் பெயர் வேறு. அந்த இடத்தில் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "சலான் போடுங்க சார், கட்டிடறேன்." பாதிப் பணத்துக்கு ஆசைப்பட்டு நாமே முதலில் பர்ஸை எடுக்கிற பழக்கம்தான் இந்த வியாபாரத்தை இத்தனை நாள் ஓடவிட்டது என்பது என் அபிப்பிராயம். கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும்.

தவறே செய்யவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் அங்கேயே கட்ட வேண்டாம். கட்டுவது தவறை ஒப்புக்கொள்வதுதான். சலானை வாங்கிக்கொண்டு, கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 500 ரூபாய்க்காக ஒரு நாள் லீவு போட வேண்டுமா என்பது நீங்கள் போட வேண்டிய கணக்கு.

எவ்வளவு என்று கேட்கவில்லை, ஆனால் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசின் திருத்தச் சட்டம் 2019 செப்டம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தாலும், தமிழ்நாட்டில் கூட்டிய தொகைகள் 2022 அக்டோபர் கடைசியில்தான் வந்தன. ஹெல்மெட் போடாததற்கு அதுவரை 100 ரூபாய், அப்புறம் 1,000. ஒரே ராத்திரியில் பத்து மடங்கு. பின்சீட்டில் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்பதைச் சென்னைக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். சீட் பெல்ட்டுக்கும் மூன்று பேர் ஏறுவதற்கும் அதே 1,000. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. இன்சூரன்ஸ் இல்லையென்றால் முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000. ஃபோன் பேசிக்கொண்டு ஓட்டினால் முதல் முறை 1,000, மறுபடி மாட்டினால் 10,000 வரை போகும். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 10,000 வரை. தனியாகத் தொகை சொல்லாத சில்லறை மீறல்கள் முதல் முறை 500, அடுத்தடுத்து 1,500. பதினெட்டு நிரம்பாத பையனிடம் வண்டியைக் கொடுத்தால் அப்பாவுக்கு 25,000 ரூபாயும் மூன்று வருடம் வரை சிறையும் வரலாம், வண்டியின் பதிவும் ஒரு வருடத்துக்கு ரத்தாகும். "அண்ணே, பையனுக்குப் பதினாறுதான், சும்மா சொல்லிக்கொடுங்க" என்று என்னிடம் வருகிற பெற்றோர்களுக்கு இந்த ஒரு வரியைத்தான் வாசித்துக் காட்டுவேன். டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

குடி தனிக் கதை. நூறு மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால், அவ்வளவுதான் எல்லை. முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மற்றதில் பெரும்பாலானது சலானோடு முடியும், இது கோர்ட் வரை போகும். ஊதச் சொன்னால் ஊதுங்கள். மறுத்தால் அதையே கோர்ட்டில் உங்களுக்கு எதிராக வைப்பார்கள். சென்னையில் 2022-இல் இன்னொன்றும் சொன்னார்கள்: குடித்தவர் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் மேலும் வழக்கு உண்டு. 'நான் குடிக்கலையே, அவன்தானே ஓட்டுறான்' என்பது இனி செல்லாது. குடிக்காதவரே ஓட்ட வேண்டியதுதான்.

வேகம். 2023 நவம்பரிலிருந்து சென்னை நகருக்குள் கார் 60, பைக் 50, ஆட்டோ 40, பஸ் லாரி 50, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30. நீங்கள் பைக் என்பதால் 50-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீடோமீட்டர் பொதுவாக உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அதனால் முள் 50-இல் நின்றால் நீங்கள் பத்திரமான பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். காலை பத்து மணிக்கு மவுன்ட் ரோட்டில் 50 போகிறவரைப் பார்த்தால் எனக்கும் சொல்லுங்கள், கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். இந்த எல்லையெல்லாம் ராத்திரிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும்தான் உண்மையில் பொருந்தும். சாலை காலியாக இருக்கும் அந்த நேரத்தில்தான் கருவிக்கும் வேலை.

நெடுஞ்சாலையில் எதிரே வருகிறவர் இரண்டு முறை ஹெட்லைட் அடித்துக் காட்டுவார், அதாவது முன்னால் செக்கிங் இருக்கிறது என்று. நம் ஊரின் பழைய சகோதரத்துவம் இது. நானும் இளவயதில் அடித்திருக்கிறேன். இப்போது அடிப்பதில்லை. யாருக்காக அடிக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. எதிரே வருகிறவர் இன்சூரன்ஸ் மறந்த அப்பாவியாக இருக்கலாம், நான்கு ரவுண்டு போட்டுவிட்டு வருகிறவராகவும் இருக்கலாம்.

ஸ்டிக்கர் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் ஊரிலிருந்து வருகிறவர்கள் மாமா போலீஸ், சித்தப்பா வக்கீல் என்று வண்டியில் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். 2024 மே 2 முதல் சென்னையில் இதற்கென்றே தனியாக நடவடிக்கை எடுக்க ஆரம்பித்தார்கள். கேடயம் என்று நினைத்து ஒட்டியது இப்போது 'என்னை நிறுத்து' என்று எழுதி வைத்த மாதிரி. கிழித்துவிடுங்கள். நம்பர் பிளேட்டில் தலைவர் படம், நாகரிகமான வளைந்த எழுத்து எல்லாமே அப்படித்தான்.

இனி உங்கள் இரண்டு சலான்.

முதலில் அது உண்மையான சலான்தானா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் 'உங்கள் வண்டிக்கு அபராதம், இந்தச் செயலியை இறக்குங்கள்' என்று ஒரு கோப்பு வந்தால் தொடவே தொடாதீர்கள். அதை நிறுவினால் உங்கள் ஓ.டி.பி.யெல்லாம் வேறொருவருக்குப் போகும், பணம் காணாமல் போகும். உண்மையான சலான் எதுவும் செயலியை நிறுவச் சொல்லாது. லிங்க்கை அழுத்தாமல், பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களாகப் போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே இருந்தால்தான் சலான்.

இருந்தால் படத்தைத் திறந்து பாருங்கள். வண்டி உங்களுடையதுதானா, எண் சரியா, அன்றைக்கு அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தீர்களா? எங்கள் பயிற்சிக் காருக்கு ஒருமுறை ஹெல்மெட் போடவில்லை என்று சலான் வந்தது. நான்கு சக்கர மாருதிக்கு ஹெல்மெட்! படத்தில் ஒரு மொபெட். நம்பரில் 3-ஐ 8 என்று யாரோ தட்டியிருக்கிறார்கள். அந்தத் தளத்திலேயே குறை சொல்லும் இடத்தில் காரின் படத்தையும் ஆர்.சி.யையும் ஏற்றினேன். மூன்று வாரம் இழுத்தடித்து ரத்து செய்தார்கள். அந்த மூன்று வாரமும் ஸ்கூலில் எல்லோரும் எனக்கு ஹெல்மெட்டை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் படத்தில் உங்கள் வண்டியே இருந்தால், முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மதுரையிலிருந்து புதிதாக வந்தவர் என்பதால் என் ஊகம், ஸ்டாப் லைன். வெள்ளைக் கோட்டைத் தாண்டி, ஜீப்ரா கோட்டின் மேல் நின்றிருப்பீர்கள். சிக்னலை நீங்கள் மீறவே இல்லை, ஒழுங்காக நின்றுதான் இருந்தீர்கள், ஆனால் ஓரடி முன்னால். அது ஏன் என்றும் எனக்குத் தெரியும். கோட்டுக்குப் பின்னால் நின்றால் பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவான். 'இன்னும் கொஞ்சம் முன்னாடி போ, நான் ஃப்ரீ லெஃப்ட் போகணும்' என்பான். நாமும் பாவம் என்று அரையடி நகர்வோம், அவன் மறுபடி அடிப்பான், இன்னும் அரையடி. சலான் வருவது நமக்கு. அவசியமில்லாமல் ஹாரன் அடித்தால் 1,000 ரூபாய் என்று சட்டத்தில் இருக்கிறது, 194எஃப் பிரிவு. அதற்குச் சலான் வாங்கிய ஒருவரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை.

என் மாணவர்கள் போலீசுக்குப் பயந்து செய்யும் தவறைவிடப் பின்னால் அடிக்கிற ஹாரனுக்குப் பயந்து செய்யும் தவறுகள் அதிகம். மஞ்சளில் புகுந்து போவது, எதிர் வண்டியைப் பார்க்காமல் வலப்பக்கம் திரும்புவது, ஜீப்ராவில் பாட்டி நடக்கும்போதே கிளட்சை விடுவது எல்லாம் ஹாரனால்தான். அதனால் முதல் வாரத்தில் நான் கொடுக்கும் பயிற்சி இது: சிக்னலில் கோட்டுக்கு ஒரு முழம் பின்னால் நிறுத்து, நியூட்ரலில் போடு, கையை மடியில் வை, பின்னால் என்ன சத்தம் வந்தாலும் பச்சை விழும்வரை கியரைத் தொடாதே. முதல் நாள் அழாத குறையாக உட்கார்ந்திருப்பார்கள். நான்காம் நாள் பழகிவிடும்.

சலானை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். சரியானது என்றால் ஆன்லைனில் கட்டிவிடுங்கள், தவறானது என்றால் உடனே குறை பதியுங்கள். கட்டாமல் விட்டால் கோர்ட்டுக்குப் போகும். வண்டியை விற்றுப் பெயர் மாற்றப் போகும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸில் அத்தனையும் சேர்ந்து எழுந்து நிற்கும். பழைய வண்டி வாங்குகிறவர்களும் பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தத் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்ப்பது நல்லது. மூன்று நிமிட வேலை.

கை நடுங்குவதற்கு என்ன வழி என்றும் கேட்பீர்கள். தம்பி, நாளைக்கு ஆபீஸ் போகும் வழியில் கூட்டமில்லாத ஒரு சந்திப்பில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அங்கே நிற்கும் டிராஃபிக் போலீஸிடம் நடந்து போய் ஏதாவது ஒரு தெருவுக்கு வழி கேளுங்கள். தெரிந்த தெருவாகவே இருக்கட்டும். வழி சொல்வார், கையை நீட்டிச் சொல்வார். கூடவே, "அந்தப் பக்கம் ஒன்வே ஆக்கிட்டாங்க, சுத்திப் போங்க" என்று உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லக்கூடும்.